மதிலுக்கு எந்தப் பக்கம்

அக்கா மகளுக்கும் எனக்கும் இடையே சில வருடங்களாக ஒரு விளையாட்டு உண்டு. சேர்ந்து பார்த்த படம் இருவருக்கும் பிடித்துப்போனால் அதன் இரண்டாம் பாகத்துக்குக் கதை எழுதுவோம். இதற்கென்றே நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் எனக்கு. பெரும்பாலான கதைகள் இரண்டு பக்கத்தைத் தாண்டுவதில்லை. யாரைச் சாகடிப்பது என்பதில் சண்டை வந்து நின்றுவிடும். ‘தி வுமன் கிங்’ படத்துக்கு எழுதிய கதை மட்டும் ஒன்பது பக்கம் வரை போனது. பிறகு ஒரே இரவில் என் பக்கங்கள் அத்தனையையும் நானே குறுக்குக்கோடு போட்டு அடித்துவிட்டேன். நோட்டைத் திறந்து பார்த்த அவள், “என்ன சித்தி, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?” என்று கேட்டாள். அன்றைக்கு அவளிடம் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முழுப் பதில் கைவசம் இருப்பதாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2022-ல் வந்த அந்தப் படம், மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த தஹோமி அரசின் பெண்படையைப் பற்றியது. அதன் கதையை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்கு நாயகியாக நடித்த வயோலா டேவிஸின் தோள்கள் நினைவில் இருக்கும். எண்ணெய் பூசிய உடலோடு புல்வெளியிலிருந்து எழுந்து வரும் பெண்களின் வரிசை நினைவில் இருக்கும். எனக்கு இன்றுவரை மறக்காதது முள்வேலியைத் தாண்டும் பயிற்சிக் காட்சி. சினிமாவுக்காகச் சேர்த்தது என்று முதலில் நினைத்தேன். ஆனால் 1861-ல் தஹோமி அரசின் தலைநகரான அபோமிக்குப் போன இத்தாலியப் பாதிரியார் பிரான்செஸ்கோ போர்கேரோ, பெண்படையினர் வெறுங்காலோடு முட்குவியல் மேல் ஏறிப் பாய்ந்ததைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அதில் முந்தியவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது முட்களாலேயே ஆன இடைக்கச்சை. ஐரோப்பியர்கள் தங்கள் பழங்கதையிலிருந்து எடுத்து ‘அமேசான்கள்’ என்று இவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். தஹோமியின் ஃபோன் மக்களுடைய மொழியில் இவர்களுக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று ‘மீனோ’. எங்கள் தாய்மார் என்று பொருள்.

படம் 1823-ல் நடக்கிறது. இரண்டாம் பாகத்துக்கு நான் நேராக 1890-க்குத் தாவினேன். தாவாமல் யார் இருப்பார்கள்? அங்கே எல்லாமே தயாராக இருந்தது. கரையில் பிரெஞ்சுக்காரர்கள், உள்ளே பெகன்ஸின் என்ற பிடிவாதக்கார அரசன், நடுவே இந்தப் பெண்கள். 1892-ல் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய டோட்ஸ் என்ற தளபதி செனெகலில் பிறந்த கலப்பினத்தவர் என்பதே ஒரு தனிப் படத்துக்கான விஷயம். 1889 டிசம்பரில் அபோமிக்குத் தூது போன பயோல் என்ற பிரெஞ்சு அதிகாரி, நன்ஸிகா என்ற இளம்பெண் ஒரு கைதியின் தலையை வெட்டியதைப் பார்க்கிறார். மூன்று மாதங்கள் கழித்து கடற்கரை ஊரான கொட்டோனூவில் சண்டை முடிந்த களத்தில், பிணங்களுக்கு நடுவே அதே பெண்ணை அடையாளம் காண்கிறார். நம் படத்தின் நாயகிக்கு நனிஸ்கா என்ற பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 1892-ல் பிரெஞ்சு ரவைகளும் துப்பாக்கி முனைக் கத்திகளும் பெண்படையைச் சிதைக்கின்றன. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று பெகன்ஸின் தன் தலைநகருக்குத் தானே தீ வைக்கிறான். 1894-ல் சரணடைகிறான், கடல் கடந்து மார்ட்டினிக் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான், 1906-ல் அல்ஜீரியாவில் சாகிறான். கடைசிக் காட்சியையும் முடிவு செய்துவைத்திருந்தேன்: 1892-ல் பிரெஞ்சுக்காரரோடு தான் போரிட்டதாகச் சொன்ன நாவி என்ற மூதாட்டி, கிண்ட்டா என்ற கிராமத்தில், 1979-ல், நூறு வயதுக்கு மேல் கண்மூடுகிறார். திரை இருள்கிறது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா மகள் அதைப் படித்துவிட்டு இடப்பக்கத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். “நடுவுல 67 வருஷம் இவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

அறுபத்தேழு வருடம்

ஒரு வரியில் நிரப்பிவிடலாம் என்றுதான் புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதல் பாகத்தின் முடிவில் நாயகியின் பேச்சைக் கேட்டு அரசன் கேஸோ அடிமை வியாபாரத்திலிருந்து விலகிப் பனையெண்ணெய்க்கு மாறத் தீர்மானிக்கிறான் அல்லவா? நிஜத்தில் அந்தக் கேஸோ 1818-ல் அரியணை ஏறியதே பிரான்சிஸ்கோ ஃபெலிஸ் டி சூசா என்ற பிரேசில் அடிமை வியாபாரியின் உதவியோடுதான். ஆங்கிலேயக் கடற்படை கரையை அடைத்து நெருக்கிய பிறகுதான் 1852-ல் வியாபாரத்தை நிறுத்துவதாகக் கையெழுத்திட்டான். 1857-ல் மறுபடி ஆரம்பித்தான். பனையெண்ணெய் வியாபாரம் வளர்ந்தது உண்மை. ஆனால் அந்தத் தோப்புகளில் குலை வெட்டவும் எண்ணெய் எடுக்கவும் பாடுபட்டவர்களில் பெரும்பகுதியினர் பிடித்துவரப்பட்டவர்கள். கப்பலில் ஏற்றி விற்கப்படாமல் உள்ளூரிலேயே உழைக்கவைக்கப்பட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். படத்தில் நம் பெண்கள் புகுந்து கலக்கும் உய்தா துறைமுகம் 1727-லிருந்தே தஹோமியின் கையில் இருந்தது. அவர்கள் தாக்கிய துறைமுகத்துக்கு உண்மையில் அவர்களுடைய அரசனே சொந்தக்காரன்.

படம் வந்தபோதே இதைச் சொல்லி, படத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்று கூச்சல் போட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அவர்கள் மீதும் எரிச்சல், ‘எவ்வளவு பெரிய பெண்ணிய காவியம்’ என்று உருகியவர்கள் மீதும் எரிச்சல். படம் அடிமை வியாபாரத்தை மறைக்கவில்லை. தஹோமிக்கு அதில் பங்கு உண்டு என்று வெளிப்படையாகவே பேசுகிறது. அதன் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. நம் காலத்து மனசாட்சி ஒன்றைச் செய்து அதை நாயகியின் மார்பில் வைத்துத் தைத்துவிட்டது. அந்தத் தையல் முதல் பாகத்தில் தெரியாது. இரண்டாம் பாகம் எடுக்க உட்கார்ந்தால் முதலில் பிரிவது அதுதான்.

அந்த 67 வருடங்களுக்குள் மிகப்பெரிய போர்க்களம் அபெயோகுட்டா. இன்றைய நைஜீரியாவில் இருக்கிறது. பெயருக்குப் ‘பாறைக்கு அடியில்’ என்று பொருள். வேறு போர்களில் ஊரிழந்து ஓடிவந்த எக்பா மக்கள் 1830 வாக்கில் ஓலுமோ பாறையின் நிழலில் ஒதுங்கி, சுற்றிலும் மண்மதில் எழுப்பி உண்டாக்கிக்கொண்ட நகரம் அது. சுருக்கமாகச் சொன்னால் அகதிகளின் ஊர். 1850-ல் அபோமியில் இருந்த ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஃபிரெடரிக் ஃபோர்ப்ஸ், பெண்படையினர் அரசன் முன்னால் வந்து அபெயோகுட்டாவைத் தங்களுக்குத் தரவேண்டும் என்று முழங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். கொல்லன் இரும்புக் கம்பியை நெருப்பிலிட்டு வேறு உருவாக மாற்றுவதுபோல நாங்கள் எங்கள் இயல்பை மாற்றிக்கொண்டோம், இனி நாங்கள் பெண்கள் அல்ல, ஆண்கள் என்று அவர்கள் சொன்னதையும் அவர்தான் எழுதியிருக்கிறார்.

1851 மார்ச் தொடக்கத்தில் படை கிளம்பியது. வழியில் இஷாகா என்ற சிற்றூர் தஹோமிக்குப் பணிந்து, தாக்குவதற்கு இன்ன வாயில்தான் வசதி, பட்டப்பகலில் போவதே நல்லது என்று யோசனை சொன்னது. சொல்லிவிட்டு அபெயோகுட்டாவுக்கும் இரகசியமாக ஆள் அனுப்பியது. மதிலுக்கு உள்ளே எல்லோரும் தயாராகக் காத்திருந்தார்கள். மதிலேறிய பெண்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். விழுந்த ஒரு வீரரின் உடையை அவிழ்த்தபோதுதான் தங்களோடு மோதிக்கொண்டிருப்பது பெண்கள் என்று எக்பாக்களுக்குத் தெரிந்தது, அந்த அவமானத்தில் இன்னும் மூர்க்கமாக அடித்தார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. தஹோமி தோற்றுத் திரும்பியது. யோசனை சொன்ன இஷாகாவை 11 வருடங்கள் காத்திருந்து 1862-ல் அழித்தது. 1864-ல் மறுபடி அபெயோகுட்டா மீது படையெடுத்து மறுபடி தோற்றது.

இதை வைத்து ஒரு சண்டைக் காட்சி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கை தயங்கியது. காமிராவை எங்கே வைப்பது? வெளியே வைத்தால், மதிலேறும் பெண்களோடு நாமும் ஏறுவோம், அவர்கள் விழும்போது நமக்கு வலிக்கும். ஆனால் அந்த மதிலுக்குப் பின்னால் இருப்பவர்கள் கொடுங்கோலர்கள் அல்லர். இன்னொரு முறை பிடிபட்டால் உய்தா வழியாகக் கப்பலேறவேண்டும் என்று தெரிந்தவர்கள். இருக்கட்டும், இது சிக்கலான கதாபாத்திரங்களுக்கு இடம் தரும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஒன்பதாவது பக்கம் வரை ஓட்டினேன். சிக்கலான கதாபாத்திரம் என்பது எழுதுகிறவர்களுக்கு ரொம்ப வசதியான சொல்.

விடியற்காலை, மதிலுக்கு உள்ளே

கோசூலாவின் பெயர் எனக்கு முன்பே தெரியும். அமெரிக்காவுக்குக் கடைசியாக அடிமைகளை ஏற்றிவந்த க்ளோடில்டா கப்பலில் வந்தவர், அலபாமாவில் கட்ஜோ லூயிஸ் என்ற பெயரில் 1935 வரை வாழ்ந்தவர் என்ற அளவில் தெரியும். ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற எழுத்தாளர் 1927-ல் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். பீச் பழக்கூடையும் தர்பூசணியும் கொண்டுபோய்க் கொடுத்து, சில நாள் ஒன்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். அந்தப் பேச்சைத் திருத்தமான ஆங்கிலத்துக்கு மாற்றித் தரவேண்டும் என்று கேட்ட பதிப்பகத்துக்கு அவர் இணங்கவில்லை. அதனால் அந்த நூல் ‘பாரக்கூன்’ என்ற பெயரில் வெளிவர 2018 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அந்த நூலை வாங்கி வெகுநாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அன்றைக்குப் பதினோரு மணிக்கு மேல், 67 வருடக் கணக்கில் 1860-க்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க எடுத்தேன். கோசூலாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. சந்தையில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பொன் வளையல் போட்டிருந்தாள், நடக்கும்போது அவை கலகலவென்றன, அந்தச் சத்தம் பிடித்துப்போய்க் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன் என்று எழுபது வருடங்களுக்குப் பக்கத்தில் ஆன பிறகும் நினைவு வைத்துச் சொல்கிறார். அடுத்த சில பக்கங்களில் விடிகிறது. ஊர் தூங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய வாயிலை உடைக்கும் சத்தம். எழுந்து பார்த்தால் பிரெஞ்சுத் துப்பாக்கியும் பெரிய கத்தியுமாக உள்ளே ஓடிவருகிறவர்கள் பெண்கள்.

நான் இரண்டு மாதமாகக் காதலித்துக்கொண்டிருந்த பெண்கள். அவர்களை மதிலுக்கு உள்ளே, தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நிற்கும் ஒரு பையனின் இடத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் முறை. அவர்கள் கழுத்தைப் பிடித்துக் கத்தியால் அறுத்துத் தலையைத் திருகி எடுப்பதை அவர் சொல்கிறார். வயதானவர்கள் ஓட முடியாமல் வாசலிலேயே சாகிறார்கள். ஒரு வாயில் ஆளில்லாமல் கிடப்பதாக நினைத்து ஓடுகிறார். அங்கேயும் ஆள் இருக்கிறது, பிடித்துக் கட்டுகிறார்கள். அம்மாவிடம் போகவேண்டும், விடுங்கள் என்று கெஞ்சுகிறார். கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போகும் வழியில், கொண்டுவந்த தலைகள் நாற ஆரம்பித்ததும் படையினர் நின்று நெருப்பு மூட்டி அவற்றைப் புகையில் வாட்டுகிறார்கள். அவற்றுள் சொந்த ஊர்க்காரர்களின் தலைகளும் இருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். அந்த நேரம் அவர் தன்னோடு திண்ணையில் இல்லை, அந்த நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தார் என்று ஹர்ஸ்டன் எழுதுகிறார். புகைக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவரைக் கலைக்காமல் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு நோட்டை எடுத்து, என் ஒன்பது பக்கங்களையும் அடித்தேன். கோபத்தில் அடிக்கவில்லை. 1890-க்கு நான் ஏன் தாவினேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பிரெஞ்சுக்காரன் வந்துவிட்டால் நம் பெண்கள் மறுபடி அடிபடுகிறவர்கள் பக்கம் வந்துவிடுவார்கள். அடிபடுகிறவர்களோடு நின்று அழுவதற்கு நான் எந்த விலையும் தரவேண்டியதில்லை. 1851-ஐயும் 1860-ஐயும் அந்த அழுகைக்குக் கீழே புதைத்துவிடலாம். நம் பழைய பரணிகள்கூட வென்றவனைத்தான் பாடின. ஆனாலும் தோற்றவர் பெயரையே நூலுக்கு வைக்கும் ஒரு மரபு அவற்றில் இருந்தது. என் கதையில் கோசூலாவின் ஊருக்குப் பெயர் அளவில்கூட இடம் இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிராக, அந்தப் பெண்களை அரக்கிகள் என்று ஒதுக்கிவிடவும் என்னால் முடியவில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? தஹோமிக் குடும்பங்களிலிருந்து கேஸோவின் ஆட்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோன சிறுமிகள் உண்டு. குடும்பத்துக்கு அடங்காதவள் என்று ஒப்படைக்கப்பட்டவர்கள் உண்டு. படத்தில் வரும் நாவி அப்படிப்பட்டவள்தான். அவர்களைத் தவிர, போர்களில் பிடிபட்டுச் சிறு வயதிலேயே அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட வேற்றூர்ப் பெண்களும் நிறைய உண்டு. அத்தனை பேரும் பெயரளவில் அரசனின் மனைவியர். வேறு ஆண் தொடக்கூடாது, தொட்டால் உயிர் போகும். அடிமைகள் ஏவல் செய்தார்கள், சாராயமும் புகையிலையும் தாராளமாகக் கிடைத்தன, அவர்கள் தெருவில் போனால் முன்னே மணி அடித்துக்கொண்டு ஒருத்தி போவாள், ஆண்கள் விலகி முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். சாதாரணப் பெண்ணுக்குக் கனவிலும் கிடைக்காத மரியாதை. அதற்கு விலை அவர்களுடைய போர் வெறி. அப்படியானால் விடியற்காலையில் கோசூலாவின் வாயிலை உடைத்தவர்களில் யாரோ ஒருத்தி, முப்பது வருடங்களுக்கு முன்னால் இதேபோன்ற ஒரு வாயிலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த சிறுமியாக இருந்திருக்கலாம். இதைச் சொல்வதால் கத்தி மழுங்கிவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

இன்றைய பெனின் நாட்டில் இந்த இரண்டு பக்கமும் அருகருகே இருக்கின்றன. கொட்டோனூவில் 2022 ஜூலையில் பெண்படை வீராங்கனை ஒருத்திக்கு 30 மீட்டர் உயர வெண்கல நிறச் சிலை திறந்தார்கள். அந்த நகரத்தை ஒட்டிய நொக்குவே ஏரிக்குள் கன்வியே என்ற ஊர் இருக்கிறது. தண்ணீருக்கு நடுவே மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகள், சந்தைக்கும் படகுதான், பள்ளிக்கும் படகுதான். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அழகான ஊர். தண்ணீருக்குள் துரத்திக்கொண்டு போவது தஹோமிப் படைக்கு ஆகாது என்ற நம்பிக்கையில், அடிமை வேட்டையிலிருந்து தப்பி ஓடியவர்கள் கட்டியது அது. சிலை எழும்பியபோது கன்வியே மக்கள் என்ன நினைத்தார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அதை முதல் ஆளாகப் படிப்பேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நாவி என்ன ஆனா?” என்று கேட்டாள். படத்தில் வரும் இளம் நாவியைக் கேட்கிறாள். 1823-ல் புதிதாகச் சேர்ந்த பெண் 1860-ல் ஐம்பதைத் தாண்டியிருப்பாள், படைத்தலைவியாகக்கூட ஆகியிருப்பாள் என்றேன். “அப்ப அவளே வரட்டும்” என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே நோட்டை இழுத்து, இடப்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். சந்தை, வளையல் போட்ட பெண், பின்னால் போகும் பையன். அரை மணி நேரம் படம் முழுக்க அந்த ஊர்தான். தஹோமி என்ற பெயரே வராது. விடியற்காலையில் வாயில் உடையும். புழுதிக்குள்ளிருந்து முதலில் வருகிற முகம் முதல் பாகத்தில் நாம் கைதட்டிய முகம், நரைத்துப்போய். பையன் அவளை நோக்கித்தான் ஓடிவருகிறான், அந்த வாயிலில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு.

“அவ அவனை விட்டுடுவாளா?” என்று கேட்டேன். விட்டுவிட்டால் அது மறுபடியும் நம் காலத்து மனசாட்சிதான் என்று எனக்கே தெரியும், ஆனாலும் கேட்டேன்.

“எப்படி விடுவா? அவர் அலபாமாவுக்குப் போய்ச் சேர்ந்தாரே.”

அங்கேதான் கதை நிற்கிறது. அடுத்த பக்கத்தை நிரப்புவது என் முறை, இன்னும் எழுதவில்லை. நடுவில் ஒருநாள் அவள் கோசூலாவின் புகைப்படத்தை அச்செடுத்துக்கொண்டுவந்து நோட்டில் ஒட்டிவிட்டுப் போனாள். ஹர்ஸ்டன் எடுத்த படம். படம் எடுக்கலாமா என்று கேட்டதும் அவர் உள்ளே போய் இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாராம், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டாராம். ஆப்பிரிக்காவில் இருப்பதுபோலத் தெரியவேண்டும், அங்கேதான் இருக்க ஆசை என்று காரணம் சொல்லியிருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் புதைக்கப்பட்ட இடத்தில் நின்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். கோட்டு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. கீழே வெறுங்கால்.